ஏற்றுமதித் தடை வந்த இரவில் என்ன செய்வது: காய்கறி, மளிகைச் சரக்கு அனுப்பும் சிறு வணிகருக்கு ஒரு கையேடு

பெருந்தொற்றுக் காலத்தில் உணவுச் சரக்கு வணிகருக்கு இரண்டு விதமான அடைப்புகள் வருகின்றன. சாலை, சந்தை, சுமை தூக்கும் ஆள் என்று எல்லாம் ஒரே நாளில் நின்றுபோவது ஒன்று. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்க அறிவிப்பால் ஏற்றுமதி நிற்பது மற்றொன்று. முதலாவதை 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கில் ஊரே பார்த்தது. இரண்டாவதை அதே ஆண்டு செப்டம்பர் 14 மாலை பார்த்தவர்கள் நாங்கள், அதாவது வெங்காயத்தைக் கப்பலில் ஏற்றுபவர்களும் அதற்கு ஆவணம் எழுதுபவர்களும். ஊரடங்குக்கு யாரும் தயாராக இருந்திருக்க முடியாது. ஏற்றுமதித் தடைக்கு ஓரளவு தயாராக இருக்கலாம் என்பதால், இக்கையேடு பெரும்பாலும் அதைப் பற்றியதே. எடுத்துக்காட்டு வெங்காயம்தான் என்றாலும், அரிசிக்கும் மஞ்சளுக்கும் முறை பெரிதும் மாறாது.

முதல் வேலை, உங்கள் சரக்கின் எட்டு இலக்கச் சுங்கக் குறியீட்டைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பது. வெங்காயம் 0703 10 என்ற எண்ணின் கீழும், மஞ்சள் 0910 30 என்பதன் கீழும், அரிசி 1006 என்பதன் கீழும் வருகின்றன. கடைசி இலக்கங்கள் வகையைப் பிரிக்கின்றன. சாம்பார் வெங்காயமும் பெல்லாரியும் நமக்கு வேறு வேறு பண்டங்கள். சமையலில் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது, மண்டியில் விலையும் ஒன்றல்ல. ஆனால் 2020 செப்டம்பர் அறிவிப்பு "எல்லா வகை வெங்காயமும்" என்று எழுதியதால், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் நாசிக் வெங்காயத்தோடு சேர்ந்தே நின்றது. வட இந்தியச் சந்தை விலையைக் கட்டுப்படுத்த வந்த தடையில், அங்கே யாரும் வாங்காத சரக்கும் சிக்கியது. இது நியாயமா என்று வாதிடலாம், நாங்களும் வாதிட்டோம். அன்று இரவு வாசலில் நிற்கும் லாரிக்கு அந்த வாதத்தால் பயன் ஏதும் இல்லை.

தடை திடீரென வருவதுபோல் தோன்றினாலும் அதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். 2019 செப்டம்பர் 13 அன்று டன்னுக்கு 850 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தார்கள். அந்த விலைக்கு வாங்குவோர் அரிது என்பதால் அதுவே பாதித் தடைதான். பதினாறே நாளில், செப்டம்பர் 29 அன்று, முழுத் தடை வந்தது. அது 2020 மார்ச் 15 அன்று நீங்கி, ஆறு மாதம் நிறைவதற்குள் மீண்டும் தடை. வெங்காயத்தின் ஆண்டுச் சுழற்சியை அறிந்தவருக்கு இதன் காரணம் தெரியும். கோடையில் எடுத்துச் சேமித்த வெங்காயம் ஆகஸ்டு வாக்கில் முளைவிடவும் அழுகவும் தொடங்குகிறது. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் புது வெங்காயம் வரவேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இடைவெளி விழுகிறது. 2020 இல் நடந்தது அதுவே. ஆகவே ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நாசிக் பக்கத்துப் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கான் மண்டியின் விலையைத் தினமும் பாருங்கள். சில வாரங்களில் விலை இரட்டிப்பானால், நீண்ட கால ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். பத்துக் கன்டெய்னருக்கு ஆர்டர் வந்தாலும் இரண்டிரண்டாக ஒப்புக்கொள்ளுங்கள். இப்படி ஒப்புக்கொள்பவரைக் கோழை என்று சக வணிகர்கள் கேலி செய்வதுண்டு. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுங்கள்.

பணம் வரும் முறையையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கொழும்பு, கோலாலம்பூர் வியாபாரம் பெரும்பாலும் நம்பிக்கையிலும் வாய்ச்சொல்லிலும் நடக்கிறது. நல்ல காலத்தில் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டு வணிகக் கொள்கையின் 1.05 ஆம் பத்தி, தடைக்கு முந்தைய தேதியில் திறக்கப்பட்ட, ரத்து செய்ய முடியாத எல்.சி. (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) வைத்திருப்பவருக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. தாராளமாக ஏற்றுமதியாகிவந்த பண்டத்துக்குப் பிறகு கட்டுப்பாடு வந்தாலும், அந்த எல்.சி. செல்லும் காலம்வரை அதற்குரிய அளவைச் சரக்காக அனுப்பலாம். அதற்கு, கட்டுப்பாடு வந்த 15 நாளுக்குள் டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் மண்டல அலுவலகத்தில் அந்த எல்.சி.யைப் பதிவு செய்ய வேண்டும். வாய்ச்சொல்லில் நடக்கும் வியாபாரத்துக்கு இந்தக் கதவு இல்லை. பெருந்தொற்று போன்ற காலங்களிலாவது, வங்கிச் செலவைப் பார்க்காமல் எல்.சி. கேட்பது நல்லது.

இனி, அறிவிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வரும் செய்திச் சுருக்கத்தை நம்பி எதுவும் செய்ய வேண்டாம், டி.ஜி.எஃப்.டி. இணையத்தளத்தில் மூல அறிவிப்பைத் திறந்து, ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். அங்கிருந்து மூன்று விதமான தாள்கள் வருகின்றன. கொள்கையையே மாற்றுவது அறிவிக்கை. நடைமுறையைச் சொல்வது பொது அறிவிப்பு. சந்தேகத்துக்கு விளக்கம் தருவது வணிக அறிவிப்பு. தடை அறிவிக்கையாக வரும். அதன் பின்னால் வரும் தளர்வு சில சமயம் விளக்கத் தாளாக வந்து, யாரும் கவனிக்காமலே போய்விடும்.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, "தடை" என்று எழுதியிருக்கிறார்களா, "கட்டுப்பாடு" என்றா என்பது. கட்டுப்பாடு என்றால் உரிமம் பெற்று அனுப்ப வழி இருக்கலாம். தடை என்றால் உரிமத்துக்கே இடமில்லை. அடுத்து, விவரிப்பில் எது விலக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2020 செப்டம்பர் தடை, நறுக்கியதையும் பொடியாக்கியதையும் விட்டுவிட்டது. உலர்த்திய வெங்காயத் தொழில் செய்தவர்கள் அந்த ஒரு வரியால் தப்பினார்கள். மூன்றாவதாக, நடைமுறைக்கு வரும் தேதி. அதில் "உடனடியாக" என்று இருந்தது. எல்லாவற்றிலும் முக்கியமான வரி கடைசியில் இருந்தது: 1.05 ஆம் பத்தியின் இடைக்கால ஏற்பாடு இந்த அறிவிப்புக்குப் பொருந்தாது. எல்.சி. வைத்திருந்தவர்களின் பாதுகாப்பையும் அந்த ஒரு வாக்கியம் எடுத்துவிட்டது. அப்படியானால் எல்.சி. எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாத் தடையிலும் அந்த வாக்கியம் வருவதில்லை. அது வராத தடையில் எல்.சி. உள்ளவரின் சரக்கு போகும், இல்லாதவரின் சரக்கு நிற்கும்.

அறிவிப்பைப் படித்து முடித்ததும், சரக்கு இப்போது எங்கே இருக்கிறது என்ற கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். தடை வந்த அந்தத் திங்கட்கிழமை என் பொறுப்பில் மூன்று லோடு இருந்தது. ஒன்று முந்திய வாரமே தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போய்விட்டது. அதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாவது துறைமுகத்துக்குள் கன்டெய்னரில் இருந்தது. சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி விவரத் தாளான ஷிப்பிங் பில் போட்டாகிவிட்டது, ஆனால் சரக்கைக் கப்பலேற்றச் சுங்க அதிகாரி தரும் அனுமதியான லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைக்கவில்லை. மூன்றாவது, கன்டெய்னரில் ஏற்றப்படாத மூட்டைகளாக, லாரியில் எட்டயபுரம் தாண்டி வந்துகொண்டிருந்தது. அன்றிரவு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், அந்த ஓட்டுநரைத் தொலைபேசியில் பிடித்து, டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னதுதான். ஒரு மணி நேரத்தில் அறிவிப்பைப் படித்துவிட்டு, மதுரைக்கே திருப்பச் சொன்னேன். விடியற்காலையில் மண்டியில் இறங்கிய மூட்டைகள், தடைச் செய்தி விலையைப் பிடித்து இழுப்பதற்கு முன்பே விற்றுப் போயின.

செய்த முட்டாள்தனம் இரண்டாவது லோடில். ஏற்றுமதியாளர் சங்கம் அரசிடம் பேசிக்கொண்டிருக்கிறது, ஏதாவது விலக்கு வரும் என்று பலரும் சொன்னதைக் கேட்டு நான்கு நாள் காத்திருந்தேன். வெங்காயத்துக்கு நான்கு நாள் என்பது செப்டம்பர்ப் புழுக்கத்தில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் மிக நீண்ட காலம். துறைமுகத்துக்குள் போன சரக்கை வெளியே எடுக்க, ஷிப்பிங் பில்லை ரத்து செய்து, சுங்கத்திடம் 'பேக் டு டவுன்' அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் இடவாடகையும் கன்டெய்னர் வாடகையும் ஏறிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாடைதான். கதவோரத்து மூட்டைகளின் சிவப்பு வலை ஈரத்தில் கறுத்திருந்தது. ஒரு வெங்காயத்தின் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது விரல் உள்ளே போனது. உட்பக்கத்து மூட்டைகளில் பச்சை முளை வலையைத் தாண்டி வந்திருந்தது. தரம் பிரித்து விற்றதில் கூலி மட்டும் தேறியது. ஆகவே விதியாகவே சொல்கிறேன்: அழுகும் சரக்கு, லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லாமல் உள்ளே நின்றால், விலக்கு வரும் என்ற பேச்சை 24 மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்; முதல் நாளே 'பேக் டு டவுன்' மனுவைக் கொடுத்துவிடுங்கள். அரிசி, மஞ்சள் போன்ற உலர் சரக்கு என்றால் காத்திருக்கலாம். அங்கே இழப்பது வாடகை மட்டும். பங்களாதேஷ் எல்லையில் நின்ற வெங்காய லாரிகளில் ஒரு பகுதியைச் சில நாள் கழித்து விட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவை அக்கரை சேர்ந்தபோது பல மூட்டைகள் அழுகியிருந்தன.

இந்த நிலையில் ஒரு யோசனை எப்போதும் யாராவது சொல்வார்கள்: வேறு காய்கறி என்று எழுதி, முன்னால் நான்கு வரிசை அதை அடுக்கி, பின்னால் வெங்காயத்தை வைத்து அனுப்பிவிடலாம் என்று. தடை செய்த பண்டத்தை ஏற்றுமதி செய்ய முயன்றால், சுங்கச் சட்டத்தின் 113 ஆம் பிரிவில் சரக்கு பறிமுதலாகும். 114 ஆம் பிரிவில் அபராதம் வேறு. ஆவணம் எழுதியவருக்கும் அதில் பங்கு உண்டு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வாங்குபவருக்கு அன்றிரவே சொல்லிவிட வேண்டும். கொழும்பின் மொத்தச் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில் எங்களிடம் வாங்கும் முதலாளி ஒருவர் அன்று போனில் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, சரக்கு வராது எண்டால் இப்பவே சொல்லு. நான் வேற இடம் பாக்க வேணும். நாளைக்குச் சொன்னால் எனக்கு அது உதவாது." வராது என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருந்தது, சொன்ன பிறகுதான், அவர் கோபப்படவில்லை, கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. தொலைபேசியில் சொன்னதோடு நில்லாமல், அறிவிப்பின் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு, அதன் நகலை இணைத்து, மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் தடுக்க இயலாத சூழ்நிலை பற்றிய விதி இருந்தால், அரசு விதிக்கும் தடை அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஒப்பந்தப் படிவங்களில் போர், வெள்ளம், வேலைநிறுத்தம் என்று வரிசையாக எழுதிவிட்டு, இதை விட்டுவிட்டிருப்பார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் "ஏற்றுமதித் தடை, இறக்குமதித் தடை, நோய்த்தொற்றுக் கால அரசாணை" என்ற சொற்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால், அதை அடுத்த சரக்கில் கழிப்பதா, திருப்புவதா என்று எழுத்தில் கேளுங்கள். திருப்புவதானால் வங்கி வழியாகவே திருப்ப வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால், வங்கிப் பதிவில் அந்த முன்பணம் ஏற்றுமதி ஆகாத கடனாகவே நிற்கும்.

கப்பலுக்குப் போகாத சரக்கை உள்நாட்டில் விற்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. விலை ஏறும் என்று கிடங்கில் வைத்திருக்கத் தோன்றும். 2020 செப்டம்பரில்தான் வெங்காயம், உருளைக்கிழங்கு, தானியம் முதலியவற்றை அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் அன்றாடக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துத் திருத்தம் வந்தது. விலை இரட்டிப்பானால் மீண்டும் கட்டுப்படுத்தலாம் என்ற விதிவிலக்கு அந்தத் திருத்தத்திலேயே இருந்தது. அக்டோபர் 23 அன்று அந்த விதிவிலக்கைக் கொண்டே, மொத்த வணிகர் 25 டன், சில்லறை வணிகர் 2 டன் என்று இருப்பு வரம்பு வந்துவிட்டது. நாற்பது அடி ரீஃபர், அதாவது குளிர்பதனக் கன்டெய்னர் ஒன்றில் சுமார் 28 டன் பிடிக்கும் என்பதை நினைத்தால், ஒரே ஒரு கன்டெய்னர் வெங்காயத்தைத் திருப்பி எடுத்துக் கிடங்கில் போட்டவரே வரம்பைத் தாண்டியவர் ஆகிவிடுகிறார். ஏற்றுமதித் தடைக்கு அடுத்த படி இருப்பு வரம்பு என்று எதிர்பார்த்து, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதே மேல்.

தடை என்பது நம் பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அந்நியச் செலாவணி கரைந்த நிலையில் இலங்கை 2020 இல் பல பண்டங்களின் இறக்குமதியை நிறுத்தியது. அவற்றுள் மஞ்சளும் ஒன்று. ஈரோட்டில் விலைபோகாமல் கிடந்த மஞ்சளுக்கு அக்கரையில் பல மடங்கு விலை என்ற நிலை வந்து, ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் மஞ்சள் மூட்டை கடத்தல் பொருளாகப் பிடிபட்டது. நேர்மையான வணிகருக்கு அங்கே செய்யக்கூடியது குறைவு. ஆனால் சரக்கு கடலில் இருக்கும்போது வாங்கும் நாடு கதவை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு, ஏற்றுமதிக் கடன் காப்பீடு தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் காப்பீடு ஒரு பதில். வாங்குபவர் நாட்டின் புதிய இறக்குமதித் தடையை அதன் வழக்கமான பாலிசிகள் அரசியல் ஆபத்து என்ற வகையில் சேர்க்கின்றன. உங்கள் பாலிசியில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். இலங்கைக்கு அனுப்புபவர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு ஆகியவற்றின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரியை அங்கே வர்த்தமானியில், அதாவது அரசிதழில், ஓர் இரவில் ஏற்றவும் இறக்கவும் முடியும். அங்கத்தைய அறுவடை நெருங்கும்போது அது ஏறும். விலை பேசும்போதே, அறவீடு கூடினால் யார் தலையில் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.

ஊரடங்கின் தனிச் சிக்கல் காகிதம். 2020 ஏப்ரலில் கப்பல் ஓடியது, விமானம் ஓடவில்லை. சரக்கு மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிட, பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டின் மூலமும் தாவர நலச் சான்றும் தோற்றச் சான்றும் கூரியர் அலுவலகத்தில் கிடந்தன. பல நாடுகள் மின்னணு நகலை ஏற்கத் தொடங்கியது அப்போதுதான். ஆகவே நம்பிக்கையான வாங்குபவர் என்றால், மூல பில் ஆஃப் லேடிங் கேட்காத 'டெலக்ஸ் ரிலீஸ்' முறைக்கு முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். புதியவர் என்றால், முழுப் பணமும் வந்த பிறகே அதற்குச் சம்மதியுங்கள். மார்ச் 22 முதல் ஏப்ரல் 14 வரையிலான நாள்களுக்குக் கன்டெய்னர் தாமதக் கட்டணம் வாங்க வேண்டாம் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அப்போது சொன்னது. பிறகு அதை நீட்டித்தது. அது அறிவுரை என்ற அளவிலேயே இருந்ததால், கேட்டவருக்குக் கிடைத்தது, கேட்காதவருக்கு பில் வந்தது. ஏற்றுமதிப் பணம் வந்து சேர அப்போதிருந்த ஒன்பது மாதக் காலத்தை, 2020 ஜூலை 31 வரை அனுப்பிய சரக்குக்கு ரிசர்வ் வங்கி பதினைந்து மாதமாக்கியது. இத்தகைய சலுகைகள் தாமாக உங்கள் கணக்கில் ஏறுவதில்லை. சுற்றறிக்கையின் எண்ணை எழுதி, வங்கிக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

தடை தளரும் நேரத்துக்கும் ஆயத்தம் வேண்டும். வியட்நாம் 2020 மார்ச் 24 அன்று அரிசி ஏற்றுமதியை நிறுத்தி, ஏப்ரலுக்கு 4 லட்சம் டன் மட்டும் என்று ஒதுக்கீடு அறிவித்தது. மின்னணுப் பதிவு ஏப்ரல் 12 அன்று நள்ளிரவில் திறந்தது. சுமார் மூன்று மணி நேரத்தில் முழு அளவும் தீர்ந்துபோனது. துறைமுகத்தில் அரிசியை வைத்துக்கொண்டு தூங்கியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நம் பக்கத்தில், அக்டோபர் 9 அன்று பெங்களூர் ரோஸ் வெங்காயமும் கிருஷ்ணாபுரம் வெங்காயமும் தலா 10,000 டன் போகலாம் என்று விலக்கு வந்தது. சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும், தோட்டக்கலைத் துறையின் சான்றோடு. இந்த மாதிரி வாய்ப்பில் இடம்பிடிப்பவர், டிஜிட்டல் கையெழுத்துக் கருவி காலாவதியாகாமல், ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதியாளர் குறியீட்டு எண் செயலில் இருந்து, முந்தைய ஆண்டு ஏற்றுமதிப் பட்டியலைத் தயாராக வைத்திருப்பவர்தான். ஐ.இ.சி. விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி 2021 இல் வந்தது. மறந்தால் எண் செயலிழந்துவிடும், அது தெரியவருவது பெரும்பாலும் தேவைப்படும் நாளில்தான்.

முழுத் தடை 2021 ஜனவரி 1 அன்று நீங்கியது. மூன்றரை மாதத்தில் வாங்கும் நாடுகள் துருக்கி, எகிப்து, பாகிஸ்தான், நெதர்லாந்து என்று வேறு வழி கண்டிருந்தன. அந்த வெங்காயம் காரம் குறைவு, தோல் தடிப்பு என்று சமைப்பவர்கள் சொன்னாலும், வந்து சேர்ந்த சரக்கு அது. ஆகவே தடை நீங்கிய முதல் வாரத்தில் விலையைக் கூட்டிப் பேசாதீர்கள். ஒரே ஒரு கன்டெய்னர் ஒப்புக்கொண்டு, நீங்களே மண்டியில் நின்று கழுத்து காய்ந்த சரக்காகப் பொறுக்கி, ஏற்றும்போது எடுத்த படங்களை லெட் எக்ஸ்போர்ட் ஆர்டரின் நகலோடு சேர்த்து அன்றே அனுப்புங்கள். புறக்கோட்டை முதலாளி அதைப் பார்த்துவிட்டு மறுநாள் கேட்டது இரண்டாவது கன்டெய்னரின் விலை. அப்போதும் எல்.சி. தேதியை முதலில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே விலையைச் சொன்னேன்.